நாற்பத்தோராம் எண் வீடு

ஸெனிட்சா நகரில்
தண்ணீர் மீட்டர் பார்ப்பது என் வேலை.
இருபத்திரண்டு வருஷம்.
நிலவறையின் ஈர வாடையை வைத்தே
எந்தத் தெரு என்று சொல்லிவிடுவேன்.
கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்து
டார்ச் அடித்து
கறுப்பு எண்களை எழுதிக்கொள்ள வேண்டும்.
சிவப்பு எண்களை விட்டுவிடலாம்.
சிவப்பு என்பது லிட்டர். சில்லறை.
அலுவலகம் சில்லறை கேட்பதில்லை.

போன செவ்வாய்க்கிழமை
கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள்.
பெயர், வயது, வேலை எல்லாம் முடிந்தது.
"மதம்?"
பேனா கட்டத்தின் மேல் நின்றது.

அம்மா ஈஸ்டருக்கு
வெங்காயத் தோலில் முட்டைக்குச் சாயம் ஏற்றியவள்.
அப்பா பைராம் தொழுகைக்குப் போவார்.
மற்ற நாளெல்லாம்
எஃகு ஆலையின் சங்குக்குத்தான் எழுவார்.
எதை எழுத?
சமையலறையிலிருந்து யாத்ரான்கா எட்டிப் பார்த்து
"பல் வலித்தால் இவருக்கு எல்லா மதமும் உண்டு" என்றாள்.
மூவரும் சிரித்தோம்.
"யோசித்து வையுங்கள், மறுபடி வருகிறேன்"
என்று கணக்கெடுப்பவள் போய்விட்டாள்.

யோசித்தேன்.
யோசிக்கும்போதெல்லாம்
மேட்டுத் தெரு நாற்பத்தோராம் எண் வீடுதான் வந்தது.

சண்டை நடந்த வருஷத்திலிருந்து அங்கே ஆளில்லை.
ஆனால் மீட்டர் ஓடும்.
நடுவில் இருக்கும் சின்ன நட்சத்திரம்
தூக்கத்தில் புரண்டு படுப்பவனைப் போல
மெல்ல, மெல்ல.
விதிப்படி கசிவு என்று எழுதி
வால்வை மூடிவிட்டு வர வேண்டும்.
மூடியதில்லை.
பில் மாதாமாதம் கட்டப்படுகிறதே,
எனக்கென்ன.

கடவுளைப் பற்றி எனக்குத் தெரிந்ததும்
ஏறக்குறைய அவ்வளவுதான்.
கதவைத் தட்டினேன். யாரும் திறக்கவில்லை.
உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம்.

வியாழக்கிழமை, பில்லில் இருந்த எண்ணுக்கு
ஃபோன் போட்டேன்.
கோத்தன்பர்க்கில் மெவ்லிதா என்றொரு அம்மாள் எடுத்தார்.
மொழி நம்முடையதுதான்,
ஓரத்தில் மட்டும் கொஞ்சம் குளிர் ஏறியிருந்தது.
"கசியவில்லை தம்பி. நான்தான் திறந்துவிட்டு வந்தேன்.
நூல் கனத்துக்கு.
ஓடுகிற தண்ணீர் உறையாது.
உறைந்தால் குழாய் வெடித்துவிடுமே."
"கோடையில் மூடலாமே?"
"மூடினால் மறுபடி யார் திறப்பது?"
"திரும்பி வருவீர்களா?"
கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.
"அதை நான் சொல்லவில்லையே" என்றார்.

வேலை முடிந்து ஆற்றோரமாக நடந்து வந்தேன்.
அண்ணன் ஃபிக்ரெத் நினைவுக்கு வந்தான்.
காணாமல் போனவர்கள் பட்டியலில்
அவன் பெயர் இன்னும் இருக்கிறது.
ஒப்பிட்டுப் பார்க்க என் ரத்தம் கேட்டார்கள். கொடுத்தேன்.
பதில் இல்லை.
வீட்டில் ஒரு பழைய தொலைபேசி இருக்கிறது.
யாரும் அதில் பேசுவதில்லை.
வருஷத்துக்கு இரண்டு முறை அடிக்கும்,
மெத்தை விற்பவர்கள்.
கட்டணம் வீண் என்று யாத்ரான்கா சொல்வதுண்டு.
வீண்தான்.
ஃபிக்ரெத்துக்குத் தெரிந்த எண் அது ஒன்றுதான்.

அவன் உயிரோடு இருக்கிறான் என்று நம்புகிறேனா?
இல்லை.
இல்லை என்று இத்தனை தெளிவாகச் சொல்பவன்
மாதாமாதம் எதற்குப் பணம் கட்டுகிறேன்?
இந்தக் கேள்விக்குக்
கணக்கெடுப்பவளின் தாளில் கட்டம் இல்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி நாற்பத்தொன்றுக்குப் போனேன்.
கறுப்பு எண்களை எழுதினேன்.
பிறகு, முதல் முறையாக, சிவப்பையும்.
எழுதியதை யாரிடமும் காட்டப் போவதில்லை.

அன்றிரவு மைனஸ் பதினெட்டு.
எழுந்துபோய்ச் சமையலறைக் குழாயைத்
துளி திறந்து வைத்தேன்.
"என்ன சத்தம்?" என்றாள் யாத்ரான்கா, இருட்டில்.
"குழாய்."
"நம் வீட்டில்தான் ஹீட்டர் இருக்கிறதே?"
"இருக்கட்டும்" என்றேன்.